அம்மாவின் நேரத்துக்கு ஒரு கணினி

நடந்ததை முதலில் வரிசைப்படி எழுதிவிடுகிறேன். ஏன் நடந்தது என்பது பிறகு.

1. அம்மாவின் கடிதம் வந்தது. கண் கிளினிக்குக்காக வன்னியிலிருந்து வவுனியாவுக்கு வர அனுமதிப் பாஸ் கிடைத்திருக்கிறது, சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்குச் சந்தையடிக் கொமினிக்கேசனில் நிற்பேன், அங்கே எடு என்று எழுதியிருந்தார். அந்தத் தொலைபேசிக் கடையின் இலக்கமும் இருந்தது.

2. இலங்கையில் மூன்று மணி என்றால் பினாங்கில் ஐந்து மணி. எங்கள் சபை மண்டபத்தின் தொலைபேசிப் பட்டியலில் ஐந்திலிருந்து ஐந்து பத்து வரை என் பெயரைப் பதிந்தேன்.

3. ஐந்து மணிக்கு எடுத்தேன். கடைக்காரர், "அப்பிடி ஒருத்தரும் இன்னும் வரேல்லைத் தங்கச்சி" என்றார்.

4. ஐந்து ஐந்துக்கு ஒரு தடவை, ஐந்து ஒன்பதுக்கு ஒரு தடவை எடுத்தேன். அதே பதில்.

5. ஐந்து பத்துக்குத் தொலைபேசியை அடுத்த குடும்பத்துக்கு விட்டுக்கொடுத்தேன்.

6. ஐந்து முப்பதுக்கு எங்கள் சபையின் இராசேஸ்வரி அக்கா அதே கடைக்கு எடுத்து, வவுனியா டவுனில் இருக்கும் தன் தம்பியோடு பத்து நிமிடம் பேசினார். நான் பின்பக்கம் தேநீர்க் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

7. அதே ஐந்து முப்பதுக்கு அம்மா அந்தக் கடைக்குள் வந்தார். இராசேஸ்வரி அக்காவின் தம்பி பேசி முடிக்கும்வரை அவருக்குப் பின்னால் காத்து நின்றார்.

8. அவர் ரிசீவரை வைத்த பிறகு அம்மா தன் பெயரைச் சொன்னார். "உங்கட மகள் மூண்டு மணிக்கே எடுத்தவ" என்றார் கடைக்காரர். மண்டபத்துக்குத் திருப்பி எடுத்துப் பார்த்தார்கள். லைன் அடுத்த குடும்பத்தின் கையில் இருந்தது. பாஸ் அன்றோடு முடிவதால் அம்மா வவுனியா நேரம் நாலு மணி பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்.

ஏழாவதும் எட்டாவதும் எனக்கு அன்று தெரியாது. ஆறு கிழமை கழித்து வந்த கடிதத்தில் படித்தேன். "எனக்கு முன்னாலை நிண்ட பெடியன் பினாங்கோடைதான் கதைச்சவன். அது உங்கட மண்டபம் எண்டு பிறகுதான் கடைக்காரர் சொன்னவர்." ஆயர் ஈத்தாமில் என் கூடப்பிறந்த அக்கா வீட்டு மேசையில் இருந்து அந்த இரண்டு வரிகளையும் பலமுறை படித்தேன். ஒரே கம்பியின் இரண்டு முனைகளிலும் நாங்கள் இருவரும் பத்து நிமிடம் நின்றிருக்கிறோம். அவர் கையில் மருந்துப் பை. என் கையில் சவர்க்கார நுரை. நடுவில் வேறு இருவர், தங்களுக்கு உரிய நேரத்தில், ஒரு கலியாணத்துக்கு மண்டபம் பிடிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

இந்தச் சனிக்கிழமையோடு அதற்கு ஒரு வருடம்.

*

வன்னியில் இருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன். தொண்ணூற்றாறில் நாடு முழுவதும் மணிக்கூடுகளை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளினார்கள். சில மாதங்களில் அரை மணியைத் திருப்பி எடுத்தார்கள். மிச்ச அரை மணி அப்படியே தங்கிவிட்டது. அதுதான் புது நேரம். அரசின் கையில் இல்லாத வன்னியில் அதை ஏற்கவில்லை. அங்கே பழைய நேரம்தான். வவுனியாவில் மூன்றரை என்றால், சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் மூன்று.

எனக்கு இது தெரியும். தெரியாமல் விட்ட பிழை இல்லை. மணிக்கூடு மாறிய வருடம் நான் கொழும்பில் படித்துக்கொண்டிருந்தேன். மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், பரீட்சைக்குப் போனேன். அடுத்த வருடம் இங்கே பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் கணினிச் சில்லுகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை கிடைத்து வந்துவிட்டேன். இரண்டு நேரம் என்பது எனக்குக் கேள்விப்பட்ட செய்தி. அம்மாவுக்கு அது கையில் கட்டியிருக்கும் பொருள். அவருடைய சின்ன வட்ட மணிக்கூட்டுக்குக் காலையில் குளித்துவிட்டு வந்து சாவி கொடுப்பார். முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவர். ஒன்பது சுற்று, எண்ணித்தான் கொடுப்பார்.

அவர் "மூன்று மணி" என்று எழுதியபோது தன் கையைப் பார்த்து எழுதினார். நான் வாசித்தபோது கொழும்பின் நேரத்தைப் பார்த்து வாசித்தேன். மண்டபத்தில் மற்ற ஐந்து குடும்பங்களின் உறவுகளும் வவுனியா டவுனிலேயே இருப்பவர்கள். அவர்களில் யாருக்கும் இந்தப் பிழை வந்ததில்லை. சாவடியைத் தாண்டி வந்தவர் என் அம்மா ஒருவர்தான்.

இழந்தது என்ன என்பதையும் சொல்ல வேண்டும். அம்மாவின் இரண்டு கண்களிலும் வெள்ளை படர்ந்துகொண்டு வருகிறது. நான் வந்த புதிதில் அவருடைய கடிதத்தில் ஒரு பக்கத்துக்கு இருபத்தெட்டு வரி இருக்கும். போன வருடம் பதினான்கு ஆனது. அந்த ஏழாவது எட்டாவது செய்தி வந்த கடிதத்தில் ஒன்பது வரி. எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது, செய்தி குறைந்துகொண்டே போகிறது. ஒருநாள் எழுத்து நின்றுவிடும். அதற்குப் பிறகு குரல் மட்டும்தான். அந்தக் குரல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பாஸ் கிடைத்தால், பத்து நிமிடம்.

*

மண்டபத்தைப் பற்றிச் சொல்லவில்லை. சூலியா தெருவில் பஸ்ஸை விட்டு இறங்கி, பணமாற்றுக் கடைகளைத் தாண்டி இரண்டு சந்து நடந்தால் வரும். பழைய யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. அவர்களின் தாத்தாமார் ரயில்வேயிலும் துறைமுகத்திலும் கிளார்க்காக வந்தவர்கள். இப்போது அங்கே பாதிப் பேருக்கு ஊரில் யாரும் இல்லை. இருப்பவர்கள் சனிக்கிழமை பின்னேரம் கூடி, ஒரே கடையில் வரிசையாக நேரம் பிடித்துப் பேசுவார்கள். வீட்டில் போன் இருந்தாலும் இங்கேதான் வருவார்கள். ஒருத்தர் பேச, மற்றவர்கள் கேட்காத மாதிரிக் கேட்டுக்கொண்டு தேநீர் குடிப்பார்கள். கலியாணம், சாவு, பரீட்சை முடிவு எல்லாம் அந்த மேசையிலேயே ஆறு குடும்பத்துக்கும் தெரிந்துவிடும்.

அந்தப் பட்டியலைக் கொப்பியில் எழுதுவது என் பொறுப்பு. பட்டியல் போடுவாள் என்று என்னைப் பார்த்ததும் தெரிந்துவிடும் போலிருக்கிறது. எங்கே போனாலும் அந்த வேலையைத்தான் தருகிறார்கள்.

அம்மாவின் கடிதம் வந்து இரண்டு கிழமையில் எங்கள் தொழிற்சாலையில் பழைய கணினிகளைக் கழித்தார்கள். ஒன்றைச் சபைக்குக் கேட்டு வாங்கிக்கொண்டேன். உள்ளே ஒன்றும் இல்லை, வட்டு துடைக்கப்பட்டிருந்தது. அதில் எந்த இயங்குதளத்தைப் போடுவது என்பதுதான் கேள்வி. எல்லோருக்கும் பழக்கமான விண்டோஸ், காசு கொடுத்து வாங்க வேண்டும். மற்றது லினக்ஸ். என் பக்கத்து மேசை லிம் ஒரு தடித்த புத்தகத்தின் பின்னட்டையிலிருந்து உருவி அதன் சீடியை எனக்குத் தந்திருந்தார். உள்ளே இருப்பது அத்தனையையும் யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், இன்னொருவருக்குக் கொடுக்கலாம். இரண்டையும் சேர்த்துப் போட அந்த வட்டில் இடம் இல்லை. ஒன்றைத்தான் வைக்கலாம்.

முடிவு எடுக்க முன் தொழிற்சாலையில் இரண்டையும் வேறு வேறு இயந்திரங்களில் பார்த்தேன். விண்டோஸில் நேரம் அமைக்கப் போனால் நகரங்களின் பட்டியல் வரும். நமக்குரிய வரியைத் தெரிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். லினக்ஸில் அந்தப் பட்டியல் எங்கிருந்து வருகிறது என்று தேடிக்கொண்டே போனேன். மூல நிரல்கள் இருந்த சீடியில் ஒரு கோப்பு கிடைத்தது. சாதாரண எழுத்துக் கோப்பு. ஆசியாவின் ஒவ்வொரு ஊரும் எந்த வருடம், எந்த நாள் மணிக்கூட்டை முன்னே பின்னே தள்ளியது என்று வரி வரியாக இருந்தது. கண்டவர்கள், கேட்டவர்கள் எழுதி அனுப்ப, யாரோ சேர்த்து வைத்தது. கொழும்பைத் தேடினேன். தொண்ணூற்றாறின் இரண்டு மாற்றங்களும் இருந்தன. நான் பரீட்சைக்குப் போன வருடம் அங்கே இரண்டு வரியாக நின்றது.

வன்னியின் பழைய நேரம் அதில் இல்லை. ஆனால் அது எழுதக்கூடிய கோப்பு. ஒரு வரி சேர்த்தேன். ஊருக்குப் பெயர் கேட்டது. அம்மா என்று ஆங்கில எழுத்தில் கொடுத்தேன். தொகுத்துவிட்டு ஓட்டினேன். திரையில் மூன்று மணிக்கூடுகள் வந்தன. பினாங்கு, வவுனியா, அம்மா.

லிம் எட்டிப் பார்த்தார். "மூன்றாவது எந்த ஊர்?" என்று கேட்டார். ஊர்தான் என்று சொன்னேன்.

*

சபைக் கூட்டத்தில் இது அவ்வளவு சுலபமாகப் போகவில்லை. காரியதரிசி செல்வரத்தினம் அங்கிள் துறைமுக அலுவலகத்தில் தலைமைக் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். பினாங்கில் பிறந்தவர். ஊருக்கு ஒரே ஒருமுறை, பத்து வயதுக்கு முன் போனவர். பேச்சு இந்த ஊர்ப் பேச்சு.

"எல்லா ஆபீஸ்லயும் விண்டோஸ்தான் லா. பிள்ளைங்க நாளைக்கு வேலைக்குப் போனா அதைத்தான் கேப்பாங்க. நாம மட்டும் ஏன் வேற ஜாலான்ல, வேற வழியில போகணும்?"

இராசேஸ்வரி அக்கா இடையில் சொன்னார். "அண்ணே, விண்டோஸ்தான் வேணும்னா சீடி கடையில அஞ்சு வெள்ளிக்கே கிடைக்குமே."

"முப்பத்தஞ்சு வருசம் கவர்மெண்ட் வேலை பார்த்தவன் நான். நம்ம மண்டபத்துல திருட்டு சீடி இருக்கக் கூடாது. வாங்கினா ரசீதோட வாங்குவோம்."

நான் என் காரணங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அழைப்புப் பட்டியலை இயந்திரமே கணக்கிடும். ஊரிலிருந்து எந்த நேரம் எழுதி வருகிறதோ அதை அப்படியே கொடுத்தால் போதும், பினாங்கு நேரத்துக்கு மாற்றித் தரும். யார் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று ஒருமுறை பதிந்தால் இனி ஒருவருக்கும் இந்தப் பிழை வராது.

அங்கிள் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"விண்டோஸ்லயே மெட்ராஸ்னு ஒரு வரி இருக்காமே. உங்கம்மா நேரமும் மெட்ராஸ் நேரமும் ஒண்ணுதானே? அதைப் போட்டா முடிஞ்சிடுச்சு."

அவர் சொன்னது சரி. "அதைப் போட்டால் மற்ற இரண்டும் தெரியாது அங்கிள்" என்றேன்.

"அப்போ சுவத்துல மூணு கடிகாரம் மாட்டு. ஆணி நான் தரேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதுவும் சரிதான். ஆனாலும் அந்தப் பட்டியலில் அம்மா இருக்கும் இடத்துக்கு மெட்ராஸ் என்று பெயர் போட எனக்கு மனம் வரவில்லை. மணி சரியாக இருக்கும், இடம் பிழையாக இருக்கும். இதைக் கூட்டத்தில் எப்படிச் சொல்வது? சொல்லவில்லை.

அங்கிள் விடவில்லை. "இன்னொண்ணு. இதை ஓட்டத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். உன் பர்மிட் அடுத்த வருசம் ரினியூ ஆகலன்னா? நீ போயிடுவ. இந்த மெசினுக்கு யாரு பர்மிட் எடுக்கிறது?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வருடமும் குடிவரவு அலுவலகத்தில் இலக்கம் எடுத்து, மஞ்சள் கோப்போடு நான் உட்கார்ந்திருப்பது அவர்களுக்குத் தெரியும். அம்மாவுக்கு மூன்று நாள் பாஸ், எனக்கு ஒரு வருடப் பாஸ். இரண்டிலும் போகும் காரணம், தங்கும் இடம், திரும்பும் தேதி கேட்கிறார்கள். என் படிவத்தில் கட்டங்கள் கொஞ்சம் அதிகம். வித்தியாசம் அவ்வளவுதான்.

அங்கிளிடம் அதுவரை சொல்லாத இன்னொரு குறை இருந்தது. அதையும் அன்று நானே சொன்னேன், மறைத்தால் பிறகு என்னைத்தான் குத்தும். லினக்ஸில் தமிழ் எழுத்து இல்லை. விண்டோஸில் சபையின் நோட்டீசுகளைத் தமிழில் அடிக்க எழுத்துருக்கள் கிடைக்கின்றன. இதில் என்னால் போட முடியவில்லை, முயன்று பார்த்துவிட்டேன். பட்டியல் ஆங்கில எழுத்தில்தான் வரும்.

"அப்போ முடிஞ்சுது" என்றார் அங்கிள். "தமிழ்ச் சபையில தமிழ் தெரியாத மெசினு."

அதுதான் என் தெரிவு. ஒன்றில் அம்மாவின் எழுத்து இருந்தது, அம்மாவின் நேரம் இல்லை. மற்றதில் நேரம் இருந்தது, எழுத்து இல்லை. எந்தத் தொழிற்சாலையிலும் இப்படி ஒரு ஒப்பீட்டுப் பட்டியல் போட்டிருக்க மாட்டார்கள்.

*

அடுத்த சனிக்கிழமை அந்தக் கோப்பின் சில பக்கங்களை அச்செடுத்து அங்கிளிடம் கொடுத்தேன். வாதாட அல்ல. மலேசியாவின் வரிகளை அவர் பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தாளை முகத்துக்குக் கிட்டப் பிடித்துப் படித்தார்.

"இதென்ன, எண்பத்திரண்டு சனவரி?"

"அன்றைக்கு இங்கே மணிக்கூட்டை அரை மணி முன்னால் தள்ளியிருக்கிறார்கள் அங்கிள்."

"தெரியும் லா. நியூ இயர் அன்னைக்கு. பதினொண்ணரைக்கே பன்னெண்டுன்னுட்டாங்க. என் ஆயுசுல அரை மணி போச்சுன்னு வீட்டுக்காரிகிட்ட சொல்லிச் சிரிச்சேன்." விரலை மேலே நகர்த்தினார். ஒரு வரியில் நின்றது. "இது?"

"ஜப்பான்காரர் இருந்த காலம். தோக்கியோ நேரம் வைத்திருக்கிறார்கள்."

கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டார். பிறகு சொன்னார். "எனக்குப் பத்து வயசு. ஸ்கூலுக்கு இருட்டுலயே கிளம்பணும். எங்கப்பா வீட்டுல ஒரு கடிகாரத்தை மட்டும் மாத்தல. சமையல்கட்டுல, துணி போட்டு மூடி வச்சிருந்தார். யாராவது பார்த்தா உதைதான். இதெல்லாம் யாரு எழுதினது?"

"தெரியாது அங்கிள். யாரோ."

"சம்பளம்?"

"இல்லை."

தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சரி, போடு. ஒரு வருசம் பார்ப்போம். ஆனா எப்படி ஓட்டுறதுன்னு எழுதிச் சுவத்துல ஒட்டு. இராசேஸ்வரிக்குக் கத்துக்கொடு. நீ இல்லன்னாலும் ஓடணும்."

எழுதி ஒட்டினேன். பதினோரு படிகள். இராசேஸ்வரி அக்கா எட்டாவது படிவரை தனியாகப் போவார். ஒன்பதாவதில் என்னைக் கூப்பிடுவார்.

*

தமிழ் இல்லாத பிரச்சினையை என் அக்காவின் மகள் மீரா தீர்த்தாள். ஒன்பது வயது. தேசியப் பள்ளியில் படிக்கிறாள். கனவுகூட மலாயில்தான் காண்கிறாள் என்று அக்கா குறைப்படுவாள். என் பேச்சு அவளுக்கு வேடிக்கை. நான் "கதைக்கிறேன்" என்றால், "சித்தி, ஸ்டோரி சொல்றியா, பேசுறியா?" என்பாள். ஒருநாள் கணினியின் மூன்று மணிக்கூடுகளையும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அம்மம்மா ஏன் லேட்?"

"லேட் இல்லை. அவ பழைய நேரத்தில இருக்கிறா."

"பழைய நேரத்துலயா? பேய் மாதிரியா?"

"இல்லையம்மா. உயிரோடதான் இருக்கிறா."

யோசித்துவிட்டு, "அப்போ அம்மம்மாவுக்கு எல்லாம் நமக்கப்புறம்தான் நடக்கும்" என்றாள். அப்படி இல்லை என்று விளக்க வாயெடுத்தேன். விட்டுவிட்டேன்.

பட்டியல் அச்சாகி வந்ததும் ஒவ்வொரு ஆங்கிலப் பெயருக்குப் பக்கத்திலும் தமிழில் கையால் எழுதுவது அவள் வேலை. முதலில் லஞ்சம் கேட்டாள், சந்தை வாசல் கடையில் ஐஸ் கச்சாங் என்ற பனித்துருவல். இப்போது கேட்பதில்லை. "இராசேஸ்வரி" என்று எழுத ஒரு நிமிடம் எடுக்கும். அந்த ஒரு நிமிடமும் நாக்கு வெளியே நிற்கும்.

*

அம்மாவின் அடுத்த பாஸ் விண்ணப்பம் திரும்பி வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. காரணம் எழுதவில்லை. கடிதத்தில் வரிகள் ஏழாகின. மாலையில் தொழிற்சாலை பஸ்ஸில் ஆயர் ஈத்தாமுக்குத் திரும்பும்போது, மலைக்கு மேல் மேகம் இறங்கியிருக்கும். நான் கழித்தல் செய்துகொண்டிருப்பேன். வந்த புதிதில் இரண்டைக் கழிப்பேன். இப்போது இரண்டரை. ஆறரை மணிக்குப் பஸ் இறங்கினால் அம்மாவுக்கு நாலு. முற்றத்துக் கயிற்றில் உடுப்பு எடுக்கும் நேரம். கண் தெரிகிறதோ இல்லையோ, தொட்டுப் பார்த்துக் காய்ந்ததைத்தான் எடுப்பார். அந்த முற்றம் நான் பார்க்காத முற்றம். இரண்டு தடவை இடம்பெயர்ந்து போன இடம். அங்கே கயிறு எந்தப் பக்கம் கட்டியிருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த நேரத்துக்கு ஒரு கயிற்றைக் கட்டிவிடுவேன்.

மூன்றாவது விண்ணப்பத்துக்குப் பாஸ் கிடைத்தது. கடிதத்தில் ஐந்தே வரி. கிளினிக் நாள், கடை, "மூன்று மணி". எந்த மூன்று என்று இந்த முறையும் இல்லை. "உங்கள் மணிக்கூட்டில் மூன்று மணிக்கே எடுப்பேன்" என்று உடனே பதில் போட்டேன். கிளினிக் நாளுக்கு முன் அது போய்ச் சேராது என்று தெரிந்தே போட்டேன்.

கணினியில் அம்மாவின் பெயரில் மூன்று மணி என்று கொடுத்தேன். ஐந்து முப்பது என்றது. அந்த இடத்தைப் பிடித்தேன். ஐந்து மணி இடம் இராசேஸ்வரி அக்காவுடையது. நான் கேட்காமலே, "அதையும் நீயே வச்சுக்க" என்றார். "அன்னைக்கு உங்கம்மா பின்னால நிக்கிறப்ப நான் மண்டப வாடகை பேசிக்கிட்டு இருந்திருக்கேன். நினைச்சாலே ஒரு மாதிரியா இருக்கு." எனக்கு அந்த ஐந்து மணி தேவைப்படாது என்று நினைத்தேன். ஆனால் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். ஐந்தரைக்கு எடுப்பேன், அம்மா வந்தால் விடாதீர்கள் என்று.

சனிக்கிழமை ஐந்து மணிக்கு எடுத்தேன். திரையில் மூன்றாவது மணிக்கூடு இரண்டரை காட்டியது. முதல் மணி அடித்து முடியும் முன் எடுத்தார்கள்.

"அண்ணை, நான் பினாங்கிலயிருந்து. ஒரு அம்மா அரை மணித்தியாலத்தில வருவா..."

"பிள்ளை, நான்தான்."

அந்தக் குரலைக் கேட்டுப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது.

"என்னம்மா இப்பவே வந்திட்டீங்கள்? உங்களுக்கு இப்ப இரண்டரைதானே."

"இல்லை, மூண்டு. நான் மணிக்கூட்டைத் திருப்பிப்போட்டன். உன்ர நேரத்துக்கு வந்தனான்."

"எப்ப திருப்பினீங்கள்?"

"போன கிழமையே. கடைசி நேரத்தில திருப்பினால் பிழைச்சுப்போம். பழகவேணுமெல்லே. ஒரு கிழமையா எல்லாம் அரை மணி முந்தித்தான். பக்கத்து வீட்டுப் பரமேசு சிரிக்கிறாள், ஆச்சி ஏன் விடியமுன்னமே அடுப்பு மூட்டுறியள் எண்டு. நான் சொன்னனான், என்ர பிள்ளை அங்க எழும்பீட்டாள், எனக்கென்ன படுக்கை எண்டு."

இராசேஸ்வரி அக்கா தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கேட்காத மாதிரிக் கேட்பவர்களும் அன்று ஒருவரும் உள்ளே இல்லை.

கண்ணைப் பற்றிச் சொன்னார். வலக்கண்ணின் வெள்ளையை வெட்ட நாள் தந்திருக்கிறார்கள். அக்காவைக் கேட்டார், மீராவைக் கேட்டார், என் பர்மிட்டைக் கேட்டார். இரண்டு நிமிடம் மிச்சம் இருக்கையில் நான் கணினியைப் பற்றிச் சொன்னேன். மூன்று மணிக்கூடுகள், ஒன்றுக்கு உங்கள் பெயர், அதுக்காகத்தான் அந்த சிஸ்டத்தைப் போட்டது, தமிழ்கூட இல்லாமல் போட்டது, இப்போது நீங்கள் நேரத்தை மாற்றிவிட்டீர்கள் என்று.

அவர் கொஞ்சம் பேசாமல் இருந்தார். பத்து நிமிடத்தில் அது பெரிய செலவு.

"என்ர நேரம் அதிலை இருக்கோ?"

"ஓம்."

"அப்ப அதை மாத்தாதை. நான் பின்னேரம் சாவடியைத் தாண்டினதும் திருப்பிப் போட்டிடுவன். அங்கை எல்லாரும் பழைய நேரம்தானே. நீ பாக்கேக்கை சரியா இருக்கவேணும்."

*

இப்போதைய நிலை இது.

மண்டபத்துக் கணினியில் லினக்ஸ்தான் இருக்கிறது. அங்கிள் சொன்ன ஒரு வருடம் முடிய இன்னும் நான்கு மாதம். முடிவில் சபை திரும்பவும் கூடிப் பேசும். தமிழ் எழுத்து இன்னும் அதில் வரவில்லை, மீராவின் கையெழுத்துத்தான். சுவரில் ஒட்டிய பதினோரு படிகளில் இராசேஸ்வரி அக்கா பத்தாவதுக்கு வந்துவிட்டார். என் பர்மிட் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன், பதில் இல்லை. அம்மாவின் வலக்கண்ணுக்கு நாள் இருக்கிறது, அந்த நாளுக்குப் பாஸ் இன்னும் இல்லை.

இதை மண்டபத்தில் இருந்து எழுதுகிறேன். பினாங்கில் மாலை ஆறு மணி. வவுனியாவில் நாலு. அம்மாவுக்கு மூன்றரை.